பிரேக்குக்குப் பெயின்ட் கடைசி வேலை

கார் சக்கரத்தின் இடுக்கு வழியாகச் சிவப்பாக ஏதோ பளிச்சென்று தெரிந்தால் இப்போது அது ஒரு கௌரவம். பிரேக் கேலிப்பருக்குச் சிவப்பு அடிக்கும் ஆசை பெரிய ஊர்களைச் சுற்றிவிட்டு எங்கள் தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வாட்டர் வாஷ் செய்கிற இடத்தில்கூட ஸ்பிரே டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் சக்கரத்தைக் கழற்றுவதுகூட இல்லை. இடுக்கு வழியாக டப்பாவை நீட்டிப் புஸ்ஸென்று அடித்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தவர்கள் என் பட்டறைக்கும் வருகிறார்கள். "அண்ணாச்சி, பிரேக்கெல்லாம் துருப்பிடிச்சுப் பார்க்க அசிங்கமா இருக்கு. நம்ம வண்டிக்கும் சிவப்பு அடிச்சுத் தாங்க."

துரு இருப்பது உண்மைதான். பெயின்ட் அடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற துரு ஆளைக் கொல்லாது. கொல்லக்கூடிய துரு சக்கரத்துக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது. சிவப்பு அடித்த பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. என் புகாரே அதுதான்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் நாங்களும் எங்கள் இரும்பும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும்; உப்பு சேர்ந்தால் வேகம் கூடிவிடும். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழையே இல்லாத ராத்திரியிலும் இங்கே நிறுத்திய வண்டியின் அடிப்பாகம் நனைந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

என் அப்பா உப்பளத்தில் பம்பு எஞ்சின் பார்த்தவர். வேலை முடிந்ததும் பழைய ஆயிலைத் துணியில் நனைத்து எஞ்சின் முழுக்கத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பிரேக்குக்கு அந்த வைத்தியம் செல்லாது. டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிமானம் போய்விடும். காரின் அடியில் மற்ற எல்லாவற்றுக்கும் பெயின்டோ ஆயிலோ கிரீஸோ ஒரு போர்வை உண்டு. பேடு வந்து கவ்வுகிற டிஸ்க்கின் இரண்டு முகங்கள் மட்டும் வெறும் வார்ப்பிரும்பாக, உப்புக்காற்றில் அம்மணமாக நிற்க வேண்டும். வேறு வழியில்லை.

அதனால் ராத்திரி மழை பெய்தால் காலையில் டிஸ்க் காவி நிறத்தில் இருக்கும். பதறிக்கொண்டு போன் செய்கிறார்கள். தேவையே இல்லை. தெருமுனை தாண்டுவதற்குள் நாலு முறை பிரேக் மிதித்தால் பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும். கொஞ்சம் கரகரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். கேலிப்பரின் வெளி உடம்பில் காவி படிந்திருப்பதும் பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். அது தடித்த வார்ப்பிரும்பு. மேல்துருவுக்கு அத்தனை சுலபத்தில் அசையாது.

உள்ளே வருவோம். நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே பிஸ்டன் உள்ள கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும். தள்ளிய வேகத்தில் கேலிப்பரே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துவரும். இரண்டு பேடும் டிஸ்க்கை ஒரே அழுத்தத்தில் கவ்வும். மிதியை விட்டதும் பிஸ்டன் பின்வாங்குகிற தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் சீல், முறுக்கிய நிலையிலிருந்து தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது கூடவே இழுத்துக்கொள்கிறது. இத்தனை நுணுக்கமான அசைவை நம்பித்தான் ஆயிரம் கிலோ இரும்பு ஓடுகிறது.

பேடின் இரண்டு ஓரத்திலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகள், கேலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டில் ஒரு காடிக்குள் உட்கார்ந்து வழுக்க வேண்டும். காடிக்குள் மெல்லிய எஃகுக் கிளிப் ஒன்று இருக்கும். உப்புத்தண்ணீர் போய் உட்காருவது அந்தக் கிளிப்புக்கு அடியில்தான். கிளிப் துருப்பிடிக்காது, அதற்கு அடியில் இருக்கிற பிராக்கெட்டின் வார்ப்பிரும்பு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். போக இடம் இல்லாததால் கிளிப்பை மேலே தூக்கும். காடி குறுகிப்போகும். ஐப்பசி மழையில் ஊறிய மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்கிற மாதிரி, பேடின் காது அங்கே இறுகிக்கொள்ளும். டிரைவர் மிதியை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அறிகுறிகள் உண்டு. மைலேஜ் குறையும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனலாக அடிக்கும். கழற்றிப் பார்த்தால் உள்பேடு தேய்ந்து தகடு தெரியும். வெளிப்பேடு புதுசாக இருக்கும். நான் பார்க்கிற கடலோர வண்டிகளில் பேடு சீக்கிரம் போய்விட்டது என்று சொல்லி வருகிற பலவற்றில், பேடின் மேல் குற்றமே இல்லை. இந்தக் காடிதான், அல்லது கிரீஸ் காய்ந்து இறுகிப்போன பின்தான். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடை மட்டும் மாட்டிக் கொடுத்தால் அந்தப் பேடும் அதே கதிக்குப் போகும், மெக்கானிக்குக்கு வருமானம்.

சமவெளியில் ஓட்டும்வரை இதை ஓட்டிவிடலாம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போனால்தான் கணக்குத் தீரும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது, ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிற சக்கரம் இன்னும் சூடாகும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். மாற்றாமல் வருடக்கணக்கில் விட்ட ஆயில், காய்ந்துகொண்டேயிருக்கும் கேலிப்பருக்குள் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அந்தக் கேலிப்பர் சிவப்பாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் ஒன்றுதான்.

சரி, துருவை எப்படி எடுப்பது? பொறுமையாகத்தான். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கை விடக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். கழற்றிய கேலிப்பரை அதன் ஓஸிலேயே தொங்க விடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. ஓஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பிராக்கெட்டிலிருந்து கிளிப்பை நெம்பி எடுத்து, காடியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சம் இருப்பதைத் தட்டை அரத்தால் பட்டும் படாமலும் எடுக்க வேண்டும். அளவு என்னவென்றால், புதுக் கிளிப்பை மாட்டிப் பேடை வைத்தால் அது விரல் தள்ளுக்கு நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறார்கள் என்றால் வேலை முடியவில்லை.

பின்னை உருவித் துடைத்து அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸைத்தான் வைக்க வேண்டும். பட்டறையில் கைக்கு எட்டுகிற சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. பிரேக்கில் இருக்கிற ரப்பரை அது உப்ப வைத்துவிடும். பெட்ரோலில் கழுவினாலும் இதே கேடுதான். பழைய ஆட்கள் வைத்திருந்த சிவப்பு ரப்பர் கிரீஸ் ஆமணக்கு எண்ணெயில் செய்தது, அது ரப்பருக்கு ஆகும். ஆரம்பகாலப் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான் என்று சொன்னால் எங்கள் பட்டறைப் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

டிஸ்க்கும் ஹப்பும் சேருகிற முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே மிதியில் அதிர்வு வரும். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு, புதுசு போடணும்" என்று சொல்வதற்கு முன் அந்த முகத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பதைப் பெரும்பாலும் அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமனாக அச்சடித்திருப்பார்கள். அளந்து பார்த்தால் சண்டையே இல்லை.

ஊறவைத்துத் துரு எடுப்பதிலும் ஒரு வார்த்தை. கழிவறை கழுவுகிற ஆசிட்டில் முக்கி எடுத்தால் இரும்பு வெள்ளையாக வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வரும். அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பில் இருக்கிற அதே குளோரைடு அதிலும் இருக்கிறது. இரும்பின் நுண்துளைக்குள் அது மிச்சம் நின்றால் சில நாளிலேயே புதுத் துரு கிளம்பும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் கொப்புளமாக. ஸ்பிரிங்குகளை ஆசிட்டில் போடவே கூடாது. உள்ளே ஹைட்ரஜன் புகுந்து, இழுக்கும்போது ஒடியும். பிராக்கெட், போல்ட் போன்ற ரப்பர் இல்லாத சாமான்களுக்குப் புளிக்கரைசலே போதும். அதில் இருக்கிற டார்டாரிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும், இரும்பை அவ்வளவாகத் தின்னாது. ராத்திரி ஊறவைத்துக் காலையில் தேய்த்து, சலவைச் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காய வைக்க வேண்டும். அவசரமென்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி கடையில் கிடைக்கிறது. மிச்சத் துருவைக் கறுப்பாக்கி இரும்போடு ஒட்டவைத்துவிடும். பெயின்ட் அடிக்கிற வெளி உடம்புக்கு அது நல்லது, பேடு வழுக்குகிற இடத்துக்கு ஆகாது.

பின்சக்கர டிரம்மைத் திறந்தவுடன் கம்ப்ரசர் காற்றால் ஊதுகிற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியும் முகக்கவசமும் அத்தனை பெரிய செலவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயின்ட். சூடு தாங்கும் பெயின்ட்டாக இருக்க வேண்டும். கதவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் எனாமலும் சூட்டில் கருகும், பிரேக் ஆயில் ஒரு சொட்டு சிந்தினால் தோலாக உரிந்து வரும். கேலிப்பரின் வெளி உடம்பு, பிராக்கெட்டின் வெளிப்புறம், டிஸ்க்கின் நடுத்தொப்பி, டிரம்மின் வெளிச்சுற்று என்று இவ்வளவு இடம்தான் பெயின்ட்டுக்குச் சொந்தம். காடி, பின், பிஸ்டன், ரப்பர், காற்று எடுக்கும் திருகு, ஹப்பும் சக்கரமும் சேருகிற முகம் எதிலும் படக் கூடாது. சேர்முகத்தில் பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, சக்கர நட்டின் இறுக்கம் தளரும். இடுக்கு வழியாக ஸ்பிரே அடிப்பவர்களுக்கு இதில் எதையுமே காப்பாற்ற முடியாது. பேடின் மேலேயே அடித்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

நிறம் அவரவர் விருப்பம். போர்ஷே கார்களில் மஞ்சள் கேலிப்பர் என்றால் உள்ளே செராமிக் டிஸ்க் என்று அர்த்தம். பளீர்ப் பச்சை என்றால் ஹைப்ரிட். அங்கே நிறம் ஒரு தகவல். இங்கே பின்னால் டிரம் இருக்கிற வண்டிக்கு மஞ்சள் கேட்கிறார்கள். அடித்துக் கொடுக்கிறேன், மறுப்பதில்லை. என்னைக் கேட்டால் அலுமினிய வெள்ளி நிறம்தான் நல்லது என்பேன். பிஸ்டன் ஓரத்தில் ஆயில் கசிந்தால் அதில்தான் சட்டென்று கறை தெரியும். யாருக்கும் அது பிடிப்பதில்லை.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைக் கெட்டியாகும்வரை அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருப்பதால் முதல் மிதிக்குப் பிரேக்கே இருக்காது. வீட்டிலேயே செய்து பார்க்கிற தம்பிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் பல தெருக்களில் தண்ணீர் வடியவே நாளாயிற்று. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்த கார்களில் லைனர் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொண்டது. கியர் போட்டு இழுத்தவர்களுக்கு லைனர் ஷூவைவிட்டுப் பிய்ந்தே வந்தது. இன்ஷூரன்ஸ், எஞ்சின், சீட்டுக்கு அடியில் போன ஒயரிங் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். பிரேக்கைத் திறந்து உப்புச்சேற்றைக் கழுவியவர்கள் கொஞ்சம் பேர்தான். வண்டி ஓடுகிறதே, அது போதும் என்றார்கள். அந்த வண்டிகளில் சில இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கின்றன, கேலிப்பருக்குப் புதுப் பெயின்ட்டோடு.

இதை யார் பார்ப்பது? டாக்சிக்கும் லாரிக்கும் எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை உண்டு. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம். அதுவரை அரசாங்கத்தின் கண் அதன் பிரேக் மேல் படுவதே இல்லை. பிரிட்டனில் மூன்று வயதானதும் வருடா வருடம் சோதனை. உப்புக்காற்றில் நிற்கிற கார் 15 வருடம் யார் கண்ணிலும் படாமல் ஓடலாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடலோர மாவட்டங்களிலாவது ஐந்தாவது வருடத்திலிருந்து பிரேக்கை மட்டுமாவது சோதிக்க வேண்டும். சக்கரத்தை ரோலர் மேடையில் ஏற்றினால் இடது வலது பிடிமானம் எவ்வளவு, மிதிக்காதபோதும் எது இழுக்கிறது என்று எண்ணாகவே வந்துவிடும். அதுவும் ஒரு புரோக்கர் வேலையாகிவிடும், காசு கொடுத்தால் சான்று வீட்டுக்கு வரும் என்பார்கள். வரலாம். ஆனால் இப்போது காசு கொடுத்துக்கூட வாங்க வேண்டிய அவசியம் இல்லையே, யாரும் கேட்பதே இல்லையே என்பதுதான் என் பதில்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2025 ஆகஸ்டில் எங்கள் ஊரிலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் ஆலையைத் திறந்திருக்கிறது. மின்சாரக் கார் வேகம் குறைக்கும்போது மோட்டாரே இழுத்துப் பிடித்து மின்சாரம் சேமிக்கும். பேடுக்கு வேலை குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும் தேய்ந்தால்தானே டிஸ்க் சுத்தமாகும்? தேயாத டிஸ்க்கில் துரு நிம்மதியாகக் குடியிருக்கும். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரத்தில் பழைய டிரம்மையே மூடி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வகைக் காராக இருந்தாலும் அவ்வப்போது, பின்னால் யாரும் வராத இடத்தில், நாலு முறை அழுத்தி மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். மழை முடிந்து, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயத்தில் நாலு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றச் சொல்லுங்கள்.

என் பட்டறையில் பெயின்ட் மட்டும் என்று கேட்டால் இப்போது எடுப்பதில்லை. துரு எடுக்கிற கூலியும் சேர்ந்துதான். சிலர் கணக்குப் பார்த்துவிட்டு வாட்டர் வாஷ் கடைக்கே திரும்பிப் போகிறார்கள். இருக்கிறவர்களைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, கழற்றிய கிளிப்பு, பழைய பேடு, கிழிந்த ரப்பர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, பில்லோடு கையில் கொடுத்துவிடுகிறேன். "எதுக்கு அண்ணாச்சி இந்தக் குப்பை?" என்று சிரிக்கிறார்கள். வேறு ஊரில், வேறு பட்டறையில் வண்டியை விடும்போதும் அதைக் கேட்டு வாங்குகிற பழக்கம் வரட்டும் என்றுதான் கொடுக்கிறேன்.